மதிப்புப் பெறாத மாறிகள்

சொல்லெல்லாம் பொருளைக் குறிப்பன என்னும் கொள்கையைத் தொல்காப்பியர் பெயரியலின் தொடக்கத்திலேயே நிலைநாட்டுகிறார். பொருளின்றி நிற்பனபோல் தோன்றும் அசைநிலைகளுக்கும் உரையாசிரியர்கள் இடங்கண்டு அமைதி கூறியுள்ளனர். எழுவாய் வெளிப்பட வாராத வாக்கியத்தைக் கண்டால் தமிழாசிரியர் ‘தோன்றா எழுவாய்’ என்று பெயரிட்டு விளக்குகிறார். மறைந்து நிற்பது வேறு, இல்லாது போவது வேறு என்னும் நுட்பம் அதனுள் அடங்கியுள்ளது. பெயர் உண்டு, அப்பெயருக்குரிய பொருள் மட்டும் இன்னும் வந்து சேரவில்லை என்பது மூன்றாவதொரு நிலை. இலக்கணத்தில் அரிதாகவே எழும் இந்நிலை, கணினி மொழிகளில், அதிலும் இணையப் பக்கங்களை இயக்கும் நிரல்மொழிகளில், நாள்தோறும் எழுகின்றது. அதனை எவ்வாறு கையாள்வது என்பது அறுபதாண்டுகளாக நடைபெற்றுவரும் ஒரு வழக்கு. அவ்வழக்கில் தமிழுக்கும் சிங்கப்பூருக்கும் பங்குண்டு.

கணினி நிரலில் ‘மாறி’ என்பது ஒரு மதிப்பைத் தாங்குவதற்காக இடப்பட்ட பெயர். ‘மதிப்பெண்’ என்னும் மாறிக்கு 80 என்னும் மதிப்பை அளித்தால், பின்னர் அப்பெயரைச் சொல்லுமிடமெல்லாம் 80 வந்து நிற்கும். மதிப்பை அளிக்காமலேயே பெயரைச் சொன்னால் என்ன ஆகும்? பள்ளியின் மதிப்பெண் பதிவேட்டை நோக்கினால் இவ்வினாவின் ஆழம் விளங்கும். நான்கு மாணவருள் மூவர் முறையே 80, 60, 40 பெற்றனர். நான்காமவர் தேர்வுக்கு வரவில்லை. எழுதியோரின் சராசரி 60. வாராதவர் கட்டத்தில் 0 என்று இட்டுக் கணக்கிட்டாலோ சராசரி 45 ஆகிவிடும். எழுதியும் ஒன்றும் பெறாதவர், எழுதவே வாராதவர், எழுதியும் விடைத்தாள் இன்னும் திருத்தப்பெறாதவர் ஆகிய மூவரையும் ஆசிரியர் மூன்று விதமாகக் குறிப்பார். பெரும்பாலான நிரல்மொழிகள் இம்மூவரையும் பிரித்தறியக் கற்றுக்கொள்வதற்கே பல்லாண்டுகள் ஆயின.

வெறுமைக்கு ஒரு குறி வேண்டும் என்னும் எண்ணம் எல்லா மரபிலும் ஒரே வகையாகத் தோன்றவில்லை. பண்டைத் தமிழ் எண்முறையில் பத்துக்கு ௰, நூற்றுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ எனத் தனிக்குறிகள் இருந்தமையால், நூற்றைந்து என்பதனை ௱௫ என்று எழுதினாலே போதுமானதாயிற்று. பத்தின் இடம் வெறுமையாய் இருப்பதைக் காட்ட அங்கே ஒரு சுழியம் தேவைப்படவில்லை. ஒருங்குறியில் தமிழ்ச் சுழியத்துக்கு இடம் கிடைத்தது 2005ஆம் ஆண்டில்தான். ஒன்று முதல் ஒன்பது வரையிலான தமிழ் எண்கள் அதற்கு முன்பே அங்கு இடம்பெற்றிருந்தன.

கணினியுலகில் இவ்வழக்கின் முதல் ஏடு 1965இல் விரிகிறது. இலங்கையின் கொழும்பு நகரில் 1934இல் பிறந்த டோனி ஹோர் என்னும் ஆங்கிலேய அறிஞர், நிக்லாஸ் விர்த்துடன் சேர்ந்து ‘அல்கால் டபிள்யூ’ என்னும் மொழியை வகுத்தபோது, எப்பொருளையும் சுட்டாத ஒரு சுட்டினை அதில் சேர்த்தார். ஆங்கிலத்தில் அதனை ‘நல்’ என்பர். தமிழெழுத்தில் அச்சொல்லை அப்படியே எழுதினால் ‘நல்ல’ என்று பொருள்பட்டுவிடும்; ஆதலால் ‘வெற்று’ என்றே இங்கு வழங்குவோம் என்பது பொருந்தும். சேர்ப்பதற்கு மிக எளிதாக இருந்தமையாலேயே அதனைச் சேர்க்கும் ஆசையைத் தம்மால் அடக்க முடியவில்லை என்று 2009இல் இலண்டனில் ஆற்றிய உரையில் ஹோர் ஒப்புக்கொண்டார். அதனால் விளைந்த பிழைகளையும் செயலிழப்புகளையும் கருதி, அதனைத் தம் ‘பில்லியன் டாலர் தவறு’ என்றும் அழைத்தார். தாம் படைத்ததைத் தாமே இவ்வளவு கடுமையாக மதிப்பிட்ட அறிஞர் மிகச் சிலரே.

1970இல் ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த எட்கர் காட் உறவுமுறைத் தரவுத்தளக் கொள்கையை வெளியிட்டார். அக்கொள்கையின் வழிவந்த தரவுத்தள மொழியிலும் ‘வெற்று’ இடம்பெற்றது. அங்கே அதன் இயல்பு வேறு. தேர்வுக்கு வாராத இருவரின் மதிப்பெண்கள் ஒன்றா என்று கேட்டால், அம்மொழி ‘ஆம்’ என்றும் சொல்லாது, ‘அன்று’ என்றும் சொல்லாது. ‘அறியோம்’ என்றே சொல்லும். சராசரி கேட்டால் வெற்றுக் கட்டங்களை ஒதுக்கிவிட்டு எஞ்சியவற்றுக்கே கணக்கிடும். மேற்காட்டிய நால்வருக்கு அது தரும் விடை 60. பள்ளியாசிரியரின் மனத்தோடு இயைந்த முடிபு இது.

1972 அளவில் பிறந்த ‘சி’ மொழியில் நிலைமை இன்னும் கொடியது. ஒரு செயற்கூற்றினுள் அமைந்த மாறிக்கு மதிப்பளிக்க மறந்தால் அது வெறுமையாய் இராது. அந்த நினைவிடத்தில் முன்பு எது கிடந்ததோ அதுவே மதிப்பாய் நிற்கும். புதிதாய்க் குடியேறும் வீவக வீட்டில் முன்னைக் குடியினர் விட்டுச்சென்ற தட்டுமுட்டுப் பொருள்களைத் தம்முடையன என எடுத்தாள்வது போன்றது அது. பின்வந்த இணைய நிரல்மொழிகள் இக்கேட்டினை நீக்கின. நீக்கிய கையோடு வேறொன்றை வரவழைத்துக்கொண்டன.

இவ்வரலாற்றில் 1995ஆம் ஆண்டு தனித்துக் குறிக்கத்தக்கது. அவ்வாண்டு மே மாதத்தில் நெட்ஸ்கேப் நிறுவனத்தின் பிரெண்டன் ஐக் பத்தே நாள்களில் ஜாவாஸ்கிரிப்டின் முதல் வடிவத்தை ஆக்கினார். ஜூன் மாதத்தில் ரேஸ்மஸ் லெர்டார்ஃப் தம் சொந்த முகப்புப் பக்கத்துக்கென எழுதிய கருவிகளைப் பொதுவில் வெளியிட்டார், அவையே பி.எச்.பி. மொழியாக வளர்ந்தன. அதே ஆண்டு அக்டோபரில் சிங்கப்பூரில் அதிபர் ஓங் டெங் சியோங், 1984 முதல் 1995 வரையிலான சிங்கப்பூர்க் கவிதைகளின் இணையத் தொகுப்பைத் தொடங்கி வைத்தார். நான்கு மொழிகளில் அமைந்த அத்தொகுப்பில் தமிழும் இணையமேறியது. சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தின் டான் டின் வீ குழுவினரும், தேசியக் கல்விக் கழகத்தில் தமிழ் விரிவுரையாளராயிருந்த எழுத்தாளர் நா. கோவிந்தசாமியும் இம்முயற்சிக்கு உழைத்தவர்கள். 1997 மே மாதத்தில் சிங்கப்பூரில் கூடிய முதல் தமிழ் இணைய மாநாட்டுக்கும் கோவிந்தசாமியே முன்னின்றார். 1999 மே மாதத்தில் அவர் மறைந்தார். 2000இல் சிங்கப்பூரிலேயே நடைபெற்ற மாநாட்டின்போது உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றமாகிய ‘உத்தமம்’ தோன்றியது.

அக்காலத் தமிழ்ப் பக்கங்கள் சந்தித்த இடர், மதிப்புப் பெறாத ஒரு குறிப்பினால் வந்தது என்பது பலரும் எண்ணிப் பாராத செய்தி. ஒரு பக்கம் உலாவியைச் சென்றடையும்போது, ‘இஃது இன்ன குறியேற்றத்தில் எழுதப்பட்டது’ என்னும் குறிப்பும் உடன் செல்ல வேண்டும். தமிழுக்கோ அந்நாளில் பல குறியேற்றங்கள் இருந்தன. எழுத்துருவுக்கு எழுத்துரு அவை வேறுபட்டன. உலகம் ஏற்றுப் பதிந்த பெயரும் அவற்றுக்கு இல்லை. எனவே குறிப்பு இடம்பெறவில்லை. இணையத் தகவல் பரிமாற்றத்தின் 1997ஆம் ஆண்டு விதியோ, குறிப்பு இல்லாத உரைப்பக்கத்தை மேற்கு ஐரோப்பிய எழுத்தாகக் கொள்க என்று வகுத்திருந்தது. ‘அறியோம்’ என்று நிற்க வேண்டிய இடத்தில் ஒரு மதிப்பைத் தானே ஊகித்து நிரப்பியது அவ்விதி. விளைவாகக் கவிதையைத் திறந்தவர் கண்டது, தலையில் குறிகள் சுமந்த இலத்தீன் எழுத்துகளின் குவியலை. பயனர் உரிய எழுத்துருவை நிறுவி, உலாவியின் பட்டியலில் ‘பயனர் வரையறை’ என்பதனைத் தம் கையாலேயே தேர்ந்தெடுத்த பின்னரே தமிழ் தெரிந்தது. அவ்வூகத்தை அப்பரிமாற்ற விதி கைவிட்டது 2014இல். அதற்குள் ஒருங்குறி பரவிவிட்டமையால் அந்தத் திருத்தத்தைத் தமிழர் எவரும் கொண்டாடவில்லை.

ஒருங்குறியிலும் வெற்றிடங்கள் உண்டு. தமிழுக்கென ஒதுக்கப்பட்ட 128 இடங்களுள் 72 மட்டுமே எழுத்துப் பெற்றுள்ளன. இந்திய மொழிகளுக்கெல்லாம் ஒரே வரிசையை வகுத்த இந்தியத் தரமுறையின் அடியொற்றி அமைந்தமையால், ககரத்துக்கும் ஙகரத்துக்கும் இடையே மூன்று இடங்கள் காலியாய்க் கிடக்கின்றன. வடமொழியின் வர்க்க எழுத்துகள் வரவேண்டிய இடங்கள் அவை. ஆயின் ஒருங்குறியாளர் இங்கே நல்லதொரு நெறியை வகுத்தனர். எழுத்து அளிக்கப்படாத இடத்தை எந்தச் செயலியும் ஓர் எழுத்தாகப் பொருள் கொள்ளலாகாது.

இனிப் பி.எச்.பி. மொழியின் கதை. அதற்கு முன் இணையப் படிவங்களைக் கையாண்ட பெர்ல் மொழி, மதிப்பில்லாத மாறியை எண்ணாக வேண்டியபோது 0 என்றும், சொல்லாக வேண்டியபோது வெற்றுச் சொல் என்றும் கொண்டு மேலே நடந்தது. பி.எச்.பி.யும் அவ்வழியே சென்றது. சொந்தப் பக்கம் எழுதுவோருக்காகப் பிறந்த மொழியாதலின், சிறு பிழைக்காகப் பக்கம் முழுவதும் நின்றுவிடக்கூடாது என்று கருதியது. மதிப்பளிக்கப்படாத மாறியைக் கண்டால் ‘அறிவிப்பு’ என்னும் மெல்லிய குரலில் ஒரு வரி சொல்லிவிட்டு, வெற்றினை இட்டுக்கொண்டு தொடர்ந்தது. அந்த மெல்லிய குரலையும் வழங்கியின் அமைப்பில் அடைத்துவிட முடிந்தது. பலர் அடைத்தும் விட்டனர். மாறியின் முன் ஒரு சிறு குறியை இட்டு வாயடைக்கும் வசதியையும் மொழியே அளித்தது. கற்போருக்கு இரங்கிச் செய்த இவ்வேற்பாடு, கற்றோரையும் கவலையற்றோர் ஆக்கிற்று.

இதனினும் பெரிய கேடு படிவத்தின் வழியே வந்தது. படிவத்தில் பயனர் எழுதியவை யாவும் தாமாகவே மாறிகளாக மலரும் ஏற்பாடு தொடக்கக் காலப் பி.எச்.பி.யில் இயல்பாக இருந்தது. ‘கடவுச்சொல் சரியாயின் அனுமதி என்னும் மாறிக்கு 1 என்று இடுக, பின்னர் அனுமதி இருப்பின் உள்ளே விடுக’ என்று ஒருவர் நிரல் எழுதுகிறார். கடவுச்சொல் தவறாயின் அனுமதிக்கு என்ன மதிப்பு என்று அவர் சொல்லவில்லை. அது வெறுமையாகவே இருக்கும், வெறுமை ‘இல்லை’ எனக் கொள்ளப்படும் என்பது அவர் நம்பிக்கை. அயலான் ஒருவனோ பக்கத்தின் முகவரியின் இறுதியில் ‘அனுமதி=1’ என்று சேர்த்துத் தட்டினால் போதும்; நிரலாளர் நிரப்பாமல் விட்ட இடத்தை அவன் நிரப்பிவிடுவான், கதவு திறக்கும். சிராங்கூன் சாலை வணிகர்கள் காசோலை எழுதிய காலத்தில், எழுத்தால் தொகையை எழுதி முடித்தபின் எஞ்சிய இடத்தில் கோடிழுத்தே கொடுத்து வந்தனர். காலியிடம் பிறர் கைக்கு இடந்தரும் என்பதனை அவர்களுக்கு எவரும் கணினி வகுப்பில் சொல்லித்தரவில்லை. நிரலின் முதல் வரியிலேயே ‘அனுமதி இல்லை’ என்று மதிப்பளிப்பதும் அக்கோடு இழுப்பதும் ஒரே செயல். இவ்வேற்பாடு 2002இல் வந்த 4.2 பதிப்பில் இயல்புநிலையில் அணைக்கப்பட்டது. 2009இல் கைவிடத்தக்கதாக அறிவிக்கப்பட்டது. 2012இல் வந்த 5.4 பதிப்பில் அடியோடு நீக்கப்பட்டது. அணைப்பதற்கும் நீக்குவதற்கும் இடையே பத்தாண்டுகள். ஏற்கெனவே எழுதப்பட்ட பக்கங்கள் இயங்காமற் போகும் என்னும் அச்சமே அக்காலத்தாழ்வுக்குக் காரணம்.

வெறுமையைச் சோதிக்கப் பி.எச்.பி. இரு கருவிகளை அளித்தது. ‘இஸ்செட்’ என்பது, பெயருக்கு மதிப்பு உண்டா, அது வெற்று அல்லாததா என்று வினவும். ‘எம்ப்டி’ என்பது, இருப்பது பொருட்படுத்தத்தக்கதா என்று வினவும். இரண்டும் ஒன்றே என மயங்கியோர் பலர். படிவத்தின் எழுத்துக் கட்டத்தை நிரப்பாமல் அனுப்பினாலும் வெற்றுச் சொல் ஒன்று சென்று சேரும். ஆதலின் ‘இஸ்செட்’ உண்டு என்றே சொல்லும். தெரிவுக் கட்டத்தில் குறியிடாமல் அனுப்பினாலோ அதன் பெயரே செல்லாது. கேட்டும் விடை கூறாதவருக்கும், கேள்வி சென்று சேராதவருக்கும் உள்ள வேறுபாடு இது. ‘எம்ப்டி’யின் தீர்ப்பு இன்னும் விந்தையானது. படிவத்தின் வழி வருவன யாவும் எழுத்துச் சரங்கள். ‘0’ என்னும் ஓரெழுத்துச் சரத்தை அது வெறுமை என்று தள்ளிவிடும். மதிப்பெண் பதிவு செய்யும் பக்கத்தில் ஆசிரியர் ஒரு மாணவருக்கு 0 என்று எழுதி அனுப்பினால், ‘மதிப்பெண்ணை நிரப்புக’ என்று பக்கம் திருப்பி அனுப்பும். அவரே ‘00’ என்றோ ‘0.0’ என்றோ எழுதினால் ஏற்றுக்கொள்ளும்! எழுதிப் பெற்ற சுழியத்தை எழுதாமையாகக் கருதும் இத்தீர்ப்பைப் பள்ளிக்கூடம் எதுவும் ஒப்பாது.

ஜாவாஸ்கிரிப்ட் வேறொரு முனையில் தடுமாறிற்று. பிறமொழிகளுக்கு ஒரு வெறுமை போதுமானதாயிருக்க, அதற்கு இரண்டு வாய்த்தன. பெயர் அறிவிக்கப்பட்டு மதிப்பு அளிக்கப்படாததை ‘வரையறையின்மை’ என்றும், நிரலாளர் வேண்டுமென்றே வெறுமையாக்கியதை ‘வெற்று’ என்றும் அது பிரித்தது. பாகுபாடு கருத்தளவில் நன்றே. வழக்கில் அது நிலைக்கவில்லை. தளர்ந்த ஒப்பீட்டில் இரண்டும் சமம் என்கிறது. ஆனால் வெற்றோடு 1ஐக் கூட்டினால் 1. வரையறையின்மையோடு 1ஐக் கூட்டினால் ‘எண் அன்று’ என்னும் விடை. ‘உன் இனம் யாது?’ என்று வெற்றினைக் கேட்டால் ‘பொருள்’ என்று விடை வருகிறது. முதல் ஆக்கத்தில் மதிப்புகளின் இனத்தைக் குறிக்கச் சேர்த்த சிறு குறிகளுள் பொருளுக்குரிய குறி சுழியம். வெற்றும் முழுச் சுழியமாகவே நினைவகத்தில் நின்றமையால் பொருளெனக் கொள்ளப்பட்டது. பின்னர்த் திருத்தம் முன்மொழியப்பட்டபோது, பழைய பக்கங்கள் கெடும் என்று கைவிடப்பட்டது. 2009இல் வந்த ஐந்தாம் பதிப்பு வரை, ‘வரையறையின்மை’ என்னும் பெயருக்கே எவரும் வேறு மதிப்பை அளித்துவிட முடிந்தது என்பது நகைப்புக்குரியது. இன்றும் சில பக்கங்கள் வாடிக்கையாளரை ‘வணக்கம், அன்டிஃபைன்ட்’ என்று வரவேற்பதுண்டு. பெயர்க் கட்டம் நிரம்பாமலே வணக்கம் கூறப் புகுந்ததன் விளைவு அது.

பெயர்க் கட்டம் என்னுமிடத்துத் தமிழர் நிலை தனியே நோக்கத்தக்கது. சிங்கப்பூர்த் தமிழர் பலரின் அடையாள அட்டையில் தம் பெயர், பின்னர் ‘மகன்’ அல்லது ‘மகள்’ என்னும் குறிப்பு, அதன்பின் தந்தையின் பெயர் என்னும் முறையே காணப்படும். குடும்பப் பெயர் என்று ஒன்று அவர்களுக்கு இல்லை. முழுப்பெயருக்கு ஒரே கட்டம் வைத்த உள்ளூர்ப் படிவங்கள் இதனால் இடர்ப்படுவதில்லை. குடும்பப் பெயரைக் கட்டாயமாகக் கேட்கும் வெளிநாட்டுப் படிவங்கள் முன் நிற்கும்போதோ, இல்லாத ஒன்றை இருப்பதாகக் காட்டும் நிலை ஏற்படுகிறது. சிலர் தந்தையின் பெயரை இடுவர். சிலர் தம் பெயரையே இருமுறை இடுவர். ஒற்றைப்பெயர் கொண்டோருக்கு அமெரிக்க நுழைவனுமதியில், முதற்பெயர் அறியப்படவில்லை என்பதன் சுருக்கமாக ‘எஃப்.என்.யு.’ என்னும் மூன்றெழுத்துகள் அச்சிடப்படும். பிறிதொரு நிறுவனத்தின் நிரல் அதனைப் படிக்கும்போது, அம்மூன்றெழுத்தே அவர் பெயராகிவிடுகிறது. குடும்பப் பெயர் அவருக்கு அறியப்படாதது அன்று. அவர் மரபில் இல்லாதது. ‘இல்லை’ என்பதற்கும் ‘அறியோம்’ என்பதற்கும் தனித்தனிக் கட்டம் வைக்காத படிவத்தின் குறை, பெயருக்குரியவரின் தலையில் விடிகிறது.

சீர்திருத்தங்கள் மெல்ல வந்தன. மதிப்பில்லாவிடத்து மாற்று மதிப்பை இட, ஜாவாஸ்கிரிப்டில் நெடுங்காலம் ‘அல்லது’ என்னும் செயற்குறியையே கையாண்டனர்; அது 0ஐயும் வெற்றுச் சொல்லையும் சேர்த்து விழுங்கியது. இரட்டை வினாக்குறியால் அமைந்த புதிய செயற்குறி, மதிப்பில்லாமையை மட்டுமே கண்டு மாற்றிடும், 0ஐத் தொடாது. 2005இலேயே சி-ஷார்ப் மொழியில் இருந்த அது, 2015இல் பி.எச்.பி.யின் 7ஆம் பதிப்புக்கும், 2020இல் ஜாவாஸ்கிரிப்டுக்கும் வந்தது. 2020 நவம்பரில் வெளிவந்த பி.எச்.பி. 8ஆம் பதிப்பில், மதிப்பளிக்கப்படாத மாறி குறித்த ‘அறிவிப்பு’ ‘எச்சரிக்கை’யாக உயர்ந்தது. அதனை 9ஆம் பதிப்பில் நிரலை நிறுத்தும் பிழையாகவே ஆக்குவது என்று 2022இல் அம்மொழியாக்குநர் வாக்களித்து முடிவு செய்தனர். கால்நூற்றாண்டுக்கு மேல் காட்டிய இரக்கத்தைத் திரும்பப் பெறும் முடிவு இது. பழைய பக்கங்களைப் பேணுவோருக்கு இது பெருஞ்சுமையே எனினும், காலந்தாழ்ந்து வந்த கண்டிப்பு என்றே கொள்ளத்தகும்.

சிங்கப்பூர்த் தொடக்கப்பள்ளிகளில் 2014இல் முன்னோட்டமாகத் தொடங்கி, 2020 முதல் மேல்நிலை வகுப்புகளுக்கெல்லாம் விரிவான நிரலாக்கத் திட்டத்தின் வழியாக மாணவர் பத்து, பதினொரு வயதிலேயே மாறிகளை அறிகின்றனர். சிறுவர்க்கென ஆக்கப்பட்ட ‘ஸ்கிராட்ச்’ மொழியில் புதிதாய் உருவாக்கும் மாறி 0 என்னும் மதிப்புடனேயே பிறப்பதால், அதில் பழகும் சிறுவர் மதிப்பில்லாப் பெயரைக் காண்பதில்லை. உயர்நிலைப் பள்ளியில் 2017இல் தொடங்கிய கணிமப் பாடம் பைத்தான் மொழியை ஏற்றது. மதிப்பளிக்காத பெயரைச் சொன்னால் பைத்தான் அவ்வரியிலேயே நின்று, இப்பெயர் வரையறுக்கப்படவில்லை என்று பெயரைச் சுட்டிச் சொல்லிவிடுகிறது.